மேடையிலிருந்து கேமராவுக்கு: பயிற்சிக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். நாடகப் பயிற்சி எடுத்து வருகிறேன். கூடவே திரை நடிப்பும் கற்க வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்று நம்புகிறேன். 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி மேடைக்கென்று உருவாக்கிய முறைதானே பிறகு திரை நடிகர்களையும் வளர்த்தது!

சிக்கல் அளவில்தான். கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமென்று அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துப் பழகிய உடம்பு, க்ளோஸ்-அப்பில் புருவத்தைக்கூட அதிகமாகத் தூக்கிவிடுகிறது. சரி, குறைக்கலாம் என்றால் உணர்ச்சியும் சேர்ந்து வற்றிப்போகிறது. அதை உள்ளே அப்படியே வைத்துக்கொள்வது எப்படி?

அப்புறம் தொடர்ச்சி. வைட் ஷாட்டில் எந்தச் சொல்லில் டம்ளரைக் கீழே வைத்தோமோ, க்ளோஸ்-அப்பிலும் அதே சொல்லில் வைக்க வேண்டும். கவனம் கைக்குப் போய்விட்டால் எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை. கேட்காமல் பேசும் வசனத்தில் உயிர் இருக்காது.

எதிரே இருப்பவர் சொன்னதையே கவனித்துத் திரும்பச் சொல்லும் பயிற்சி, அமெரிக்க நடிப்பு ஆசிரியர் மைஸ்னருடையது, இதற்கு உதவுமா? அதற்கு இருவர் வேண்டும். மொபைல் கேமராவை வைத்துத் தனியாகச் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? மேடை, திரை இரண்டிலும் நடித்தவர்கள் இங்கே இருந்தால், முதலில் எதை மாற்றிக்கொண்டீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.