சீலியாக் நோய் நம்மவர்களுக்கும் வருமா? இப்போது கூடிவிட்டதா?

குருகிராம்_செல்வி:
என் மகளுக்கு ஒன்பது வயது. மாதக்கணக்கில் இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. வகுப்பிலேயே குட்டையும் அவள்தான். வயிற்றுப்போக்கெல்லாம் கிடையாது. இங்குள்ள டாக்டர் சீலியாக் இருக்கலாம், அதாவது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாமல் குடல் பாதிக்கப்படும் நோய், அதற்கான டிடிஜி ரத்தப் பரிசோதனை எடுங்கள் என்கிறார். மதுரையிலிருந்து அத்தை, "நம்ம பக்கம் இப்படி ஒரு வியாதியே கேள்விப்பட்டதில்லையே" என்கிறார். இந்த நோய் உண்மையில் பெருகிவிட்டதா, இல்லை இப்போதுதான் கண்டுபிடிக்கிறார்களா? பரிசோதனைக்கு முன்பே சப்பாத்தியை நிறுத்திப் பார்க்கலாமா?

சண்டிகர்_சேகர்:
சகோதரி, சப்பாத்தியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். கோதுமையை விட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வரும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். குளூட்டன் உள்ளே போனால்தான் டிடிஜி பரிசோதனை தேடும் எதிர்ப்பொருளை உடம்பு உண்டாக்கும். விட்டுவிட்டால் அது மெல்ல இறங்கி, நோய் இருந்தும் 'இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடும். டிடிஜி பரிசோதனை பார்ப்பது ஐஜிஏ என்ற வகை எதிர்ப்பொருளை, அதனால் டிடிஜி ஐஜிஏ-வோடு மொத்த ஐஜிஏ அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சிலருக்கு ஐஜிஏ பிறவியிலேயே குறைவு, அவர்களுக்கு டிடிஜி சரியாக வந்தாலும் நம்ப முடியாது.

பெருகியதா என்றால், இரண்டும்தான். டிடிஜி பரிசோதனையே 1997க்குப் பிறகு வந்தது, அதனால் நிறையப் பேர் அகப்படுகிறார்கள். ஆனால் அது மட்டுமில்லை. அமெரிக்காவில் வாரன் விமானப்படைத் தளத்தில் 1948 முதல் 1954 வரை வீரர்களிடம் எடுத்துச் சேமித்த ரத்தத்தைப் பின்னால் சோதித்தார்கள். சுமார் 650 பேரில் ஒருவருக்கு இருந்தது. இன்றைய ஆட்களிடம் அதைப்போல நாலு மடங்குக்கு மேல். பின்லாந்திலும் 1978-80இல் 1.05 சதவீதம், 2000-01இல் 1.99. பழைய ரத்தத்தையும் புதிய ரத்தத்தையும் ஒரே முறையில் பார்த்த கணக்கு இது, பரிசோதனை கூடியதால் வந்த ஏற்றம் என்று தள்ள முடியாது.

அத்தை சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2016இல் வெளியான இந்திய ஆய்வில் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 தான். ஆனால் இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கே 38 சதவீதம் பேரிடம் என்றால், தெற்கே 36. பெரிய வித்தியாசம் தட்டில்தான்: வடக்கே ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை, தெற்கே 25. உங்கள் பெண் வளர்வது சப்பாத்தி ஊரில். அரிசிக்காரக் குடும்பம் என்று டாக்டர்கள் தள்ளிப்போட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

டெல்லி_ரேவதி:
என் பையனுக்கு இருக்கிறது. உறுதியானால் பயப்படாதீர்கள் செல்வி, இட்லி, ராகிக் களி, கம்பு எல்லாம் நமக்குப் பழகியதுதானே. ஆனால் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய் என்று எல்லாவற்றிலும் போய்விடும். ரவா தோசை, சேமியா கூடாது. சப்பாத்தி போட்ட கல்லிலேயே அவளுக்குத் தோசை வார்க்காதீர்கள், தனிக் கல் வாங்கிவிடுங்கள்.

குருகிராம்_செல்வி:
ரொம்ப நன்றி. நாளைக்கே ரத்தம் கொடுக்கப் போகிறோம். அவள் தம்பி நன்றாகத்தான் இருக்கிறான், அவனுக்கும் பார்க்க வேண்டுமா?

சண்டிகர்_சேகர்:
முதலில் இவள் ரிப்போர்ட் வரட்டும். பாசிட்டிவாக வந்து டாக்டர் உறுதி செய்தால் தம்பிக்கும் உங்கள் இருவருக்கும் கட்டாயம் பாருங்கள். நெருங்கிய ரத்த உறவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இருக்கும், பலருக்கு அறிகுறியே தெரியாது. அதுவரை அவனும் கோதுமை சாப்பிடட்டும்.