தங்கை மகனை எங்கே காட்டுவது?

நாகலூர்க்காரி:
தங்கை மகனுக்கு எட்டு வயது, நான்தான் வளர்க்கிறேன். நேற்று ஒப்பித்த வாய்ப்பாடு இன்று மறந்துபோகிறது. மேல் உதடு மெல்லிசு. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் பள்ளமே இல்லை. வயிற்றில் இவன் இருந்தபோது தங்கை மது குடித்தாள். எழுதவே கை கூசுகிறது. சேலத்தில் ஒரு டாக்டர், ‘வெறும் குறும்பு, சரியாகிவிடும்’ என்று அனுப்பிவிட்டார். ஏற்காட்டு மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அவன் இரண்டு தடவை வாந்தி எடுத்து, இதைக் கேட்கவா போனேன்?

அம்மாபேட்டை டீச்சர்:
அக்கா, கருவில் மது பாதித்த குழந்தைகளின் அந்த முக அடையாளங்களை 1973இலேயே சியாட்டில் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். இதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது. முகம், வளர்ச்சி, மூளைத்திறன் மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் சிறார் நலக் குழுவின் குறைபாட்டுப் பட்டியலில் இந்தப் பாதிப்பின் பெயர் இல்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது. அதைச் சொல்லியே அந்தக் குழுவிடம், குறைபாடுள்ள குழந்தைகளைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். அங்கே போனதும், தங்கை குடித்ததை மறைக்காதீர்கள்.

மலைக்காரன்:
சீட்டு சரி, மலை இறங்கிப் போனால் அன்றைய கூலி போய்விடுமே? மாதம் ஒரு நாளாவது குழந்தை டாக்டரும் உளவியலாளரும் ஏற்காட்டுக்கே வரட்டும். அப்புறம், தங்கையைத் திட்டாதீர்கள் அக்கா. திட்டினால் அடுத்தவள் வாயே திறக்கமாட்டாள்.

நாகலூர்க்காரி:
திட்டவில்லை தம்பி. செவ்வாய்க்கிழமை குழு வருகிறதாம். பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துவிட்டேன். பிறந்த எடை 1.8 கிலோ என்று போட்டிருக்கிறது.