ஓகஸ்ட் லீவுக்குத் திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸவா, திருகோணமலையா?

மேல்கொத்மலை

வணக்கம். ஓகஸ்ட் ஸ்கூல் லீவுல குடும்பத்தோட படகுல போய்த் திமிங்கிலம், டொல்பின் பார்க்கலாம்னு இருக்கோம். கிளம்புற இடம் தலவாக்கலை. பெரியவங்க நாலு பேர், பிள்ளைகள் ரெண்டு பேர் (11 வயசு, 6 வயசு), 70 வயசுப் பாட்டி. வேன் பிடிச்சுத்தான் போகணும்.

கேட்டவங்க எல்லாரும் மிரிஸ்ஸன்னு சொல்றாங்க, ஒருத்தர் மட்டும் திருகோணமலைக்குப் போகச் சொல்றார். எது சரி? எங்க வீட்ல பாதிப் பேருக்கு ரம்பொடை வளைவுலயே வாந்தி வந்துடும், கடல்ல எப்படிச் சமாளிக்கிறது? பாட்டியைப் படகுல ஏத்தலாமா? படகுக்காரர்கிட்ட முன்கூட்டியே என்னென்ன கேட்டு வைக்கணும்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

கொழுந்துக்கூடை

ஓகஸ்ட்னா திருகோணமலைதான். மிரிஸ்ஸவை டிசெம்பர் லீவுக்கு வச்சுக்குங்க.

காரணம் நம்ம ஊர் மழையிலேயே இருக்கு. மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து. தலவாக்கலை, அட்டன், நோர்வூட் பக்கமெல்லாம் விடாமப் பெய்யுதே, அந்த மழையைக் கொண்டுவர்ற காத்துதான் தெற்குக் கரையில அலையைக் கிளப்பி விடுது. மிரிஸ்ஸவுல அந்த மாசங்கள்ல கடல் கொந்தளிப்பா இருக்கும், படகு போனாலும் ஆட்டம் தாங்காது. அதே காத்து மலையில ஈரத்தை இறக்கிட்டு அந்தப் பக்கம் போகும்போது வறண்டு சூடாயிடும். கிழக்குல இதைக் கச்சான் காத்துன்னு சொல்லுவாங்க. அது தரையில இருந்து கடலைப் பார்த்து வீசுறதால கரையை ஒட்டின கடல்ல பெரிய அலை எழும்பாது.

டிசெம்பர்ல இருந்து பெப்ரவரி வரைக்கும் இது தலைகீழ். வடகீழ்க் காத்து பதுளை, வெலிமடைப் பக்கம் மழையைக் கொட்டும், திருகோணமலைக் கடல் முரடாயிடும், மிரிஸ்ஸ அமைதியா இருக்கும். மழை அட்டன் பக்கம் அடிச்சா கிழக்குக் கடல், பதுளைப் பக்கம் அடிச்சா தெற்குக் கடல். இதை மனசுல வச்சுக்கிட்டா மாசக் கணக்கே வேண்டாம்.

மிரிஸ்ஸவுக்கு நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் சீசன். திருகோணமலைக்கு மே முதல் ஓகஸ்ட் வரை. கற்பிட்டியும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். அங்கே ஸ்பின்னர் டொல்பின் நூற்றுக்கணக்குல கூட்டமா வரும், ஆனா உங்க லீவுக்கு ஒத்துவராது.

திமிங்கிலம் ஏன் இவ்வளவு கிட்ட வருதுன்னு பிள்ளைகள் கட்டாயம் கேப்பாங்க. நம்ம நாட்டைச் சுத்தி ஆழங்குறைஞ்ச கடலடித் திட்டு ரொம்ப ஒடுக்கம். தெற்குல தெவிநுவர முனைக்கு வெளியே கொஞ்ச தூரத்துலேயே கடல் கிடுகிடுன்னு ஆழமாயிடும். திருகோணமலையில அதைவிட விசேஷம்: கொட்டியாரக் குடாவுல இருந்தே கடலுக்கு அடியில ஒரு பெரிய பள்ளத்தாக்கு இறங்குது. ஆழக்கடல்ல இரை தேடுற திமிங்கிலத்துக்குக் கரையோரத்துலேயே ஆழம் கிடைக்குது. மகாவலி கடல்ல சேர்றதும் அதே கொட்டியாரக் குடாவுலதான். தலவாக்கலையில ஓடுற கொத்மலை ஓயாத் தண்ணி மகாவலியில கலந்து கடைசியில போய்ச் சேர்ற இடம் அது. இதைப் படத்துல காட்டிட்டுக் கூட்டிப் போனா 11 வயசுப் பிள்ளை வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கிட்டே வரும்.

ஒண்ணு மட்டும் இப்பவே வீட்ல சொல்லி வைங்க. டொல்பின் கிடைக்க வாய்ப்பு அதிகம். நீலத் திமிங்கிலம் கிடைக்கும்னு யாராலும் உறுதி சொல்ல முடியாது. உறுதி சொல்ற படகுக்காரர்கிட்ட போகாதீங்க.

சீரகத்தண்ணி

வாந்தி விஷயத்தை மட்டும் எழுதுறேன். ரோட்டு வளைவுல வாந்தி வர்றவங்களுக்குக் கடல்லயும் வர வாய்ப்பு அதிகம். அதனால மாத்திரை இல்லாம ஏற வேண்டாம்.

மாத்திரையைப் படகுல ஏறின பிறகு போடுறதுதான் பெரிய தவறு. குமட்டல் தொடங்கினா இரைப்பை வேலையை நிறுத்திடும், மாத்திரை உள்ளேயே கிடக்கும் அல்லது வாந்தியோட வெளியே வந்துடும். படகு 6 மணிக்குன்னா 4, 4.30க்கே போடணும். நம்ம பார்மசிகள்ல வழக்கமா கிடைக்கிறது அவோமின், அதாவது புரோமெதசின் வகை. சினரிசினும் இருக்கு. ரெண்டுல ஒண்ணு போதும், சேர்த்துப் போடக் கூடாது. ரெண்டுமே தூக்கம் வரவைக்கும், அதனால வேன் ஓட்டுறவர் படகுல வர்றதா இருந்தா அவருக்கு இது வேண்டாம்.

6 வயசுப் பிள்ளைக்குப் பெரியவங்க அளவு கூடாது. வயசைச் சொல்லி பார்மசியில அளவு கேட்டு, அதை மாத்திரை உறையிலேயே எழுதி வாங்குங்க. பாட்டிக்குக் கண்ணுல அழுத்த நோய், சிறுநீர் கஷ்டம் ஏதாவது இருந்தாலோ, தினசரி வேற மருந்து எடுத்தாலோ டொக்டர்கிட்ட கேக்காம இந்த மாத்திரைகளைக் கொடுக்காதீங்க. மலை இறங்குறதுக்கு ஒரு தரம் போட்டிருந்தா, அடுத்த வேளைக்கு எவ்வளவு இடைவெளி விடணும்னும் சேர்த்துக் கேளுங்க. போற அன்னைக்கே படகு வைக்காம, ராத்திரி தங்கி நல்லாத் தூங்கி எழுந்து அடுத்த நாள் காலையில போறது எல்லா வகையிலும் நல்லது. தூக்கம் கெட்டிருந்தா மாத்திரை போட்டும் வாந்தி வரும்.

வெறும் வயித்தோட ஏறக் கூடாது. பாணும் வாழைப்பழமும், இல்லாட்டி கிரீம் இல்லாத பிஸ்கட். பால் தேத்தண்ணி, வடை, ரோல்ஸ் எல்லாம் திரும்பி வந்த பிறகு. இஞ்சியை வட்டமா நறுக்கி உப்புத் தொட்டு ஒரு டப்பாவுல கொண்டு போங்க. மாத்திரைக்குப் பதிலா இல்லை, கூடத் துணைக்கு.

படகுல போன் பார்க்கவே கூடாது. தலையைக் குனிஞ்சு கமராவுல படம் சரி பார்க்கிற நேரத்துலதான் நிறையப் பேருக்குத் தொடங்கும். கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். படகு நின்னு அலையில ஆடும்போது இது இன்னும் முக்கியம், ஓடும்போது இருக்கிறதைவிட நிக்கும்போதுதான் வயிறு புரளும். வாந்தி வந்தா அடக்க வேண்டாம். காத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்க விளிம்புல, ஒருத்தர் பின்னால பிடிச்சுக்கிட்டு இருக்க எடுக்கணும். ஆளுக்கு ரெண்டு பை, பிறகு வாய் கொப்பளிக்கத் தண்ணி. பிறகு ஜீவனியை (பார்மசியில கிடைக்கிற உப்பு, சீனிக் கரைசல் பவுடர்) தண்ணியில கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கக் கொடுங்க.

மேல்கொத்மலை

ரொம்ப நன்றி. அப்ப திருகோணமலைன்னு முடிவு பண்ணிட்டோம். அங்கே படகு எப்படி இருக்கும்? மிரிஸ்ஸ வீடியோவுல பார்க்கிற மாதிரி ரெண்டு தட்டுப் படகா? பாட்டி விஷயத்தை யாரும் சொல்லலையே.

உப்புவெளி

இல்லைங்க. மிரிஸ்ஸவில் துறைமுகத்திலிருந்து பெரிய படகுகள் போகும், மேல்தட்டும் கழிவறையும் இருக்கும். இங்கே உப்புவெளி, நிலாவெளிக் கரையில் இருந்து போவது பெரும்பாலும் வெளியே எஞ்சின் பூட்டிய சின்ன ஃபைபர் படகு. ஆறு, எட்டுப் பேர் ஏறலாம். கழிவறை கிடையாது. முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கி, விளிம்பைப் பிடித்துக் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். ஓடும்போது படகு அலையில் தூக்கித் தூக்கி அடிக்கும், இடுப்புக்குத்தான் அந்த அடி. முழங்கால் வலி, முதுகு வலி உள்ள 70 வயது அம்மாவை இதில் ஏற்ற வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் இதே பதில்தான்.

ஆனால் பாட்டிக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிப் பாறை கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கிறது, கீழே கடல் ஆழம். திமிங்கிலம் ஊதுவதை அங்கே கரையில் நின்றபடியே பார்த்தவர்கள் உண்டு. காலையில் வெயில் கடல் பக்கமிருந்து கண்ணில் அடிக்கும். மாலை மூன்று, நான்கு மணிக்கு மேல் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் தூரத்து நீர்த்தூணும் தெளிவாகத் தெரியும். ஒரு பைனாகுலர் போதும். ஏழு மடங்கு பெருக்கம் உள்ளதாக இருந்தால் படகிலும் பயன்படும். பத்து மடங்கு படகு ஆட்டத்தில் கையில் நிற்காது.

படகு காலை 5.30, 6 மணிக்கே கிளம்ப வேண்டும். வெயில் ஏற ஏறக் கச்சான் பலக்கும். கரையோரத்தில் அது தெரியாது, வெளியே போகப் போகச் சிற்றலை எழும்பி நுரை தட்டும். நுரைக்கு நடுவே திமிங்கிலம் ஊதுவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், திரும்பும்போது எதிர்க்காற்றில் எல்லாரும் நனைவீர்கள். "ஒன்பது மணிக்குப் போகலாம், பரவாயில்லை" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பேசும்போது முதலில் விலையைக் கேட்காமல், படகுக்கு அனுமதியும் காப்புறுதியும் உண்டா என்று கேளுங்கள். பிறகு, சொல்வது ஆளுக்கா, முழுப் படகுக்கா? வனஜீவராசிகள் திணைக்கள டிக்கெட் அதில் சேர்ந்ததா? காலையில் கடல் சரியில்லை என்று போகாமல் விட்டால் கட்டிய காசு முழுதும் திரும்புமா? ஒன்றுமே தென்படாமல் வந்தால் இன்னொரு தரம் கூட்டிப் போவார்களா, பாதிக் காசா? பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். முற்பணம் கொடுப்பதாக இருந்தால் சிறு தொகை போதும்.

லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். பிள்ளை அளவு ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டு, அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கரையில் வைத்தே போட்டுப் பட்டிகளை இறுக்கி, தோள்ப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் நாடியைத் தாண்டிக் காதுவரை வந்தால் அது பெரிது, தண்ணீரில் விழுந்தால் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். 6 வயதுக்குக் கால்களுக்கு இடையே போகும் பட்டி உள்ளது நல்லது. சரியான அளவு இல்லை என்றால் அந்தப் படகு வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்.

உட்காரும் இடம்: முன்பக்கம் அதிகம் தூக்கி அடிக்கும், கடைசியில் எஞ்சின் புகை. நடுவுக்குச் சற்றுப் பின்னால் பிள்ளைகளை வையுங்கள்.

கடலில் எதைத் தேடுவது என்று தெரிந்தால் எல்லாருக்கும் பலன். நீலத் திமிங்கிலம் ஊதினால் நேராக உயர்ந்த தூண், ஒன்பது மீற்றர் வரைக்கும் எழும். முதுகு நீலச் சாம்பல், அதில் திட்டுத் திட்டாக நிறம், முதுகுத் துடுப்பு மிகச் சிறியது, வாலுக்குக் கிட்டவே இருக்கும். சில தரம் அடுத்தடுத்து ஊதிவிட்டு முதுகை வளைத்து உள்ளே போகும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்ப வரும். அந்த நேரம் படகை அலையவிடாமல் காத்திருக்க வேண்டும். ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்குத் தலை சதுரப் பெட்டி போல இருக்கும், ஊதும் நீர் முன்னோக்கி இடப்பக்கமாகச் சாயும். அது மேலே சில நிமிடம் மிதந்து கிடந்துவிட்டு வாலை முழுதாகத் தூக்கி இறங்கினால் முக்கால் மணித்தியாலம் கூட வராது. அதற்காகக் காத்திருந்து நேரத்தை விடாதீர்கள்.

கடைசியாக, இது எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியம். 2012 ஒழுங்குவிதிகளின்படி திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் படகு போகக் கூடாது. "இன்னும் கிட்டப் போங்க" என்று பயணிகள் சொல்வதால்தான் படகோட்டி விதியை மீறுகிறார். கிளம்பும் முன்பே "தூரத்திலிருந்து பார்த்தால் போதும், துரத்த வேண்டாம்" என்று நீங்களே சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி. முன்னால் குறுக்கே போய் மறிக்கக் கூடாது. பக்கவாட்டில், அது போகும் திசையிலேயே, மெதுவாகப் போக வேண்டும். திமிங்கிலம் அடிக்கடி திசை மாற்றினாலோ, ஊதி முடிக்காமல் சட்டென்று உள்ளே போனாலோ அது மிரண்டுவிட்டது. அப்போது விலகி வருவதுதான் சரி. வேகம் குறையாமல் நேராகப் போனால் டொல்பின் விரும்பினால் தானாகவே படகின் முன் மூக்குக்கு வரும், சுற்றிச் சுற்றித் துரத்தினால் வராது.

அட்டன் ஸ்டேண்ட்

பாதையைப் பத்திக் கொஞ்சம். தலவாக்கலையில இருந்து நுவரெலியா, ரம்பொடை, புசல்லாவை, கம்பளை, பேராதனை வழியாப் போங்க. வாந்தி வர்றவங்க இருந்தா நிறுத்தி நிறுத்தித்தான் இறங்கணும். பிறகு கண்டி டவுனுக்குள்ள போகாமக் கட்டுகஸ்தோட்டைப் பக்கமா எடுத்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய், திருகோணமலை. சாப்பாட்டுக்கு நிறுத்துறதோட 8 மணித்தியாலம்னு வச்சுக்குங்க.

கண்டி எசல பெரஹரா ஜூலை, ஓகஸ்ட்லதான் வரும். அந்த நாட்கள்ல பின்னேரம் பாதையை மூடுவாங்க, அதனால காலையிலேயே கண்டியைத் தாண்டிடணும். ஹபரணையில இருந்து கந்தளாய் வரைக்கும் இருட்டுல ஓட வேண்டாம், யானை ரோட்டுக்கு வரும். விடியக் காலை 5 மணிக்குத் தலவாக்கலையில கிளம்பினா ரெண்டு பிரச்சினையும் இல்லை.

வேன் பேசும்போது ரெண்டு ராத்திரிக்குச் சேர்த்துப் பேசுங்க, டிரைவர் தங்குற இடம், சாப்பாடு யார் பொறுப்புன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. கிளம்புறதுக்கு முதல் நாள் மழை கடுமையா இருந்தா மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துட்டு, ரம்பொடை ரோடு திறந்திருக்கான்னு டிரைவரை விசாரிக்கச் சொல்லுங்க.

டிசெம்பர்ல மிரிஸ்ஸ போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. உந்துவப் போயாவுல (டிசெம்பர் பௌர்ணமி) இருந்து சிவனொளிபாத மலை சீசன் தொடங்கிடும், சனி ஞாயிறுல அட்டன் பக்கம் வேன் கிடைக்காது, கிடைச்சாலும் விலை கூட. வார நாள்ல வைங்க. வழி கித்துல்கல, அவிசாவளை வந்து அதிவேகப் பாதையில ஏறி, வெலிகமைக்குக் கொக்மாதுவையில இறங்கணும். பண்டாரவளைப் பக்கத்து ஆட்கள் வெல்லவாய, தணமல்வில வழியா மத்தளைக்கு வந்து அதிவேகப் பாதையைப் பிடிக்கலாம், 2020ல அது அங்கே வரைக்கும் திறந்தாச்சு.

மேல்கொத்மலை

வேன் பேசியாச்சு, பாட்டிக்குச் சுவாமிப் பாறைன்னு சொல்லிட்டோம், அவங்களுக்குக் கோயிலுக்குப் போறதே பெரிய சந்தோஷம். உடுப்பு எப்படி? இங்கே இருக்கிற ஸ்வெட்டர் தேவைப்படுமா?

உப்புவெளி

ஸ்வெட்டர் வேனுக்கு மட்டும். படகுக்கு மெல்லிய நீளக் கைச் சட்டை, சீக்கிரம் காயும் துணி, நாடியில் கயிறு கட்டும் தொப்பி. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் பாரம். மலைநாட்டுக் குளிரில் இருந்து வருபவர்களுக்கு இந்த வெயில் பழக்கமிராது. தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் தொப்பிக்குக் கீழேயும் சுடும், அதனால் கழுத்து, காது, பாதத்தின் மேல்புறம் எல்லாம் சன் கிரீம் பூசி, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். போனைக் கயிறு உள்ள நீர்புகாப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். முதல் நாள் மாலை 6 மணிக்குப் படகோட்டிக்கு ஒரு கோல் எடுத்து, காற்று எப்படி, எத்தனை மணிக்குக் கரையில் நிற்க வேண்டும், எந்த இடம் என்று மூன்றையும் கேட்டு உறுதி செய்துவிட்டுத் தூங்கப் போங்கள்.