ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்: சோறு இறங்கவில்லை, முடி கொட்டுகிறது, வீட்டில் கல்யாணம் வருகிறது

மலையடிவாரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 43, திண்டுக்கல் பக்கம், கூட்டுறவு வங்கியில் கவுண்டர் வேலை. உடல் எடையைக் குறைக்க இரைப்பையின் பெரும் பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து மூன்று மாதம் ஆகப்போகிறது. 118 கிலோவோடு போனேன், இப்போது 97. சர்க்கரை மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார். மாடி ஏறினால் முன்பு போல மூச்சு வாங்குவதில்லை. அதனால் இதை ஏன் செய்தோம் என்கிற கேள்வியே எனக்குள் இல்லை.

சிக்கல் மத்தியானச் சாப்பாட்டில்தான். வங்கியில் அதற்கு அரை மணி நேரம், அதிலும் பாதி நேரம் யாராவது கூப்பிடுவார்கள். டப்பாவைத் திறந்து நாலு வாய் சாம்பார் சாதம் சாப்பிட்டதும் நெஞ்சுக்குழி அடைத்துக்கொள்கிறது. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறுகிறது. வாந்தி எடுத்தால்தான் அடங்கும். தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். தயிர், பருப்புத் தண்ணீர், மோர் எல்லாம் சரியாகவே இறங்குகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுத் தாளில் ஓட்ஸ், பிராக்கலி சூப், கிரில் சிக்கன் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அத்தைதான் சமையல். சாம்பார், ரசம், பொரியல், ஞாயிறு என்றால் கறிக்குழம்பு. இதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அந்தத் தாளில் இல்லை.

போன வாரத்தில் இருந்து தலைமுடியும் கொத்துக் கொத்தாக வருகிறது. எடையும் இரண்டு வாரமாக அசையவில்லை.

இதெல்லாம் போக, ஆவணியில் கொழுந்தனார் மகளுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் நாங்கள், முன்னால் நின்று செய்ய வேண்டியவர்கள். சொந்தத்தில் எல்லோரிடமும் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். வீட்டுக்காரருக்கும் அத்தைக்கும் மட்டும்தான் உண்மை தெரியும். பந்தியில் இரண்டு வாயோடு இலையை மடித்தால் பெரியம்மாமார்கள் சும்மா விடமாட்டார்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சாயங்காலம் கணக்கு முடித்ததும் நாங்கள் நாலு பேர் எதிர்க்கடையில் டீயும் பருப்பு வடையும் சாப்பிடுவோம். பதினைந்து வருஷப் பழக்கம். இப்போதும் கூடப் போய் நிற்கிறேன். வடை மேல் ஆசைகூட இல்லை, ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும்போது அழுகை வந்துவிடுகிறது. இதெல்லாம் எல்லோருக்கும் உண்டா?

—

கொடைரோடு எழுதியது:

முடிக்கு மட்டும் நான் சொல்கிறேன் அக்கா, எனக்கும் இதே மூன்றாம் மாதம்தான் ஆரம்பித்தது. பெரிய ஆபரேஷன், வேகமான எடைக் குறைவு இரண்டும் சேர்ந்து நிறைய முடியை ஒரே நேரத்தில் வளர்ச்சியை நிறுத்த வைத்துவிடும். அந்த முடி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும். வேர் போகவில்லை, மறுபடி முளைக்கும். எனக்கு ஏழாம் மாதம் நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாக முளைத்தது. விளம்பரத்தில் வரும் பயோட்டின் மாத்திரைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். புரதம் சரியாகப் போகிறதா என்று பாருங்கள், ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்பது) பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால் அப்போது தோல் டாக்டரைப் பார்க்கலாம்.

—

நொய்யல்கரை எழுதியது:

தங்கச்சி, நான் 2017ல் ஸ்லீவ் செய்தவள். திருப்பூரில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். முதலில் வாந்தியைப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒல்லியான குழாய். சாப்பாடு வந்தால் விரிந்து இடம் கொடுக்கிற மேல் பாகம் வெட்டி எடுத்ததோடு போய்விட்டது. பசியைத் தூண்டும் க்ரெலின் ஹார்மோன் அதிகம் சுரப்பதும் அங்கேதான், உங்களுக்கு வடை ஆசை விட்டுப்போனதில் அதற்கும் பங்கு உண்டு. ஆக, நாலு வாயை நாலு நிமிஷத்தில் போட்டால் அது போக இடம் இல்லை. சரியாக மெல்லாத சாதம் கட்டியாக நின்றுவிடும். அடைத்ததை இறக்க உடம்பு எச்சிலை ஊற்றுகிறது, அந்த நுரை அதுதான்.

நிறுத்த வேண்டிய நேரத்தை இனி வயிறு பழைய மாதிரி சொல்லாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் இதுதான் பெரிசு. அடையாளம் வேறு எங்காவது வரும். எனக்கு மூக்கு ஒழுகும், காரமே இல்லாத தயிர்சாதம் சாப்பிட்டாலும் ஒழுகும். என்னோடு வார்டில் இருந்த ஒரு அம்மாவுக்கு ஒரே ஒரு விக்கல். இன்னொருவருக்குத் தும்மல். அது வந்த பிறகு ஒரு வாய் போட்டால் வலி, இரண்டு வாய் போட்டால் வாந்தி. ஒரு வாரம் போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள், உங்களுடையது எது என்று பிடிபடும். பிடிபட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

வங்கிக்கு சாதத்தைக் கொண்டுபோவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அரை மணி நேரத்தில் அவசரமாகச் சாப்பிடுகிற பொருள் இல்லை அது. அவித்த முட்டையை மசித்துக் கொஞ்சம் மிளகுத்தூள், அல்லது பொலபொலவென்று ஆகாமல் ஈரமாக எடுத்த முட்டைப் பொடிமாஸ், கூடவே கெட்டித் தயிர். போதும். அத்தை சமையலில் உங்களுக்கு வேண்டியது எல்லாமே இருக்கிறது, எடுக்கும் வரிசைதான் மாற வேண்டும். முதலில் புரதம்: சாம்பாரில் அடியில் நிற்கும் கெட்டிப் பருப்பு, குழம்பு மீன், கறிக்குழம்பில் நன்றாக வெந்த சின்னத் துண்டு. மீனை வறுத்தால் காய்ந்து நெஞ்சில் நிற்கும், அதே மீன் குழம்பில் வழுக்கிக்கொண்டு போகும். கோழியும் அப்படித்தான், நெஞ்சுக்கறியை விட்டுவிட்டுத் தொடைக்கறி எடுங்கள். அப்புறம் குழைந்த சுரைக்காய், பீர்க்கங்காய். இடம் இருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் குழைந்த சாதம். ஒரு நாளைக்கு 60 கிராமில் இருந்து 80 கிராம் வரை புரதம் வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான், அதனால் ஒரு வேளையில் முடிகிற காரியம் இல்லை. டாக்டர் சொல்லும் புரதப் பவுடரைப் பாலில் கலந்து இடைவேளையில் மெதுவாகக் குடியுங்கள்.

என் மகளுக்கு ஊட்டிய சின்ன ஸ்பூனைப் பரணில் இருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் ஒரு ஸ்பூன், வாயில் கூழாகும் வரை மெல்லுவது, ஸ்பூனைக் கீழே வைப்பது. கையில் வைத்திருந்தால் அடுத்த வாய் தானாகப் போய்விடும். சாப்பாட்டோடு தண்ணீர், ரசம் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் தண்ணீர், அதுவும் வாய் வாயாக.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். சாதம் மட்டும் தங்காமல் மற்றது இறங்குகிறது என்றால் பெரும்பாலும் வேகமும் மெல்லாததும்தான் காரணம். ஆனாலும் வாரம் இரண்டு மூன்று முறை வாந்தி என்பதை டாக்டரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள், சிலருக்குக் குழாயில் சுருக்கம் விழும். தண்ணீரே தங்கவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும். விடாமல் வாந்தி எடுத்தால் பி1 வைட்டமின் வேகமாகக் குறையும். நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சு குழம்புவது இதில் எது வந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

எடை நிற்பதற்குப் பயப்படாதீர்கள், எல்லோருக்கும் இடையிடையே நிற்கும். என் யூனிட்டில் அளவு டேப்புக்குக் குறைவில்லை, அதனால் எடை நின்ற வாரங்களில் இடுப்பை அளந்து பார்ப்பேன், அது குறைந்துகொண்டே இருக்கும்.

வடைக் கடை விஷயம். ஆமாம், எல்லோருக்கும் உண்டு. இத்தனை வருஷம் சந்தோஷம், துக்கம், அலுப்பு எல்லாவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்தே கழித்தவர்கள் நாம். அது போனால் அழுகை வராமல் என்ன செய்யும்? கடைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். ஒரு ஃபிளாஸ்க்கில் சூடாகப் பருப்புத் தண்ணீரோ சூப்போ எடுத்துப்போய் அவர்களோடு நின்று குடியுங்கள். உங்களுக்கு வேண்டியது அந்த நாலு பேர். மாதக் கணக்கில் மனசு சரியாகவே இல்லை என்றால் டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

கல்யாணத்துக்கு: வீட்டிலேயே உங்கள் அளவைச் சாப்பிட்டுவிட்டு மண்டபத்துக்குப் போங்கள். பெண் வீட்டார் பந்தி விசாரிக்கிறவர்கள், நீங்கள் நின்றுகொண்டே இருப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். “சாப்ட்டியா?” என்றால் “ஆச்சு பெரியம்மா, முதல் பந்தியிலேயே ஆச்சு” என்று சொல்லி அவர் இலைக்கு இன்னொரு கரண்டி கூட்டு வைக்கச் சொல்லுங்கள்.

—

ஆழியாறு எழுதியது:

அக்கா, நான் எடைக்காக இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு நேராக இணைப்பது) செய்தவன், ஸ்லீவ் இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன். பித்தப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறீர்களே, அதை மாற்றிவிடுங்கள். எடை வேகமாகக் குறையும்போது உண்மையிலேயே பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்கத்தான் பல டாக்டர்கள் முதல் ஆறு மாதத்துக்கு உர்சோடியாக்சிகோலிக் ஆசிட் மாத்திரை எழுதுகிறார்கள். நாளைக்கு வலது விலா எலும்புக்குக் கீழே வலி வந்து உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறவர், “பித்தப்பையை ஏற்கெனவே எடுத்தாச்சு” என்று டாக்டரிடம் சொன்னால் என்ன ஆகும்? ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் வயிற்றில் ஆபரேஷன் என்று மட்டும் சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. கூட இருக்கிற ஒருவருக்காவது முழு உண்மையும் தெரியட்டும், டிஸ்சார்ஜ் தாளைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வேலையில் கால் வலி, இடுப்பு வலி வரும். மெடிக்கலில் கேட்டால் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைதான் கையில் கொடுப்பார்கள். அவை இரைப்பையைப் புண்ணாக்கும், எங்களைப் போன்ற பைபாஸ்காரர்களுக்கு இன்னும் ஆபத்து. பாராசிட்டமால் போதும். ஜாங்கிரி, பாயசம் பக்கம் போகாதீர்கள். எனக்கு அரை ஜாங்கிரியில் இருபது நிமிஷத்துக்குள் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் போட்டுப் புரட்டிவிட்டது. டம்பிங் என்பார்கள். ஸ்லீவில் குறைவு, ஆனால் வராது என்று இல்லை. சர்க்கரை மாத்திரை இன்னும் எடுப்பதால் வீட்டில் அடிக்கடி சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள், சாப்பாடு இவ்வளவு குறைந்த பிறகு அது திடீரென்று இறங்கும்.

—

மலையடிவாரம் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. இன்று மத்தியானம் பொடிமாஸ் எடுத்துப் போனேன், பொறுமையாக மென்றேன். எனக்கு விக்கல் நொய்யல் அக்கா! ஒன்றே ஒன்று வந்தது, மூடி வைத்துவிட்டேன், வாந்தி இல்லை. டாக்டருக்கும் போன் பண்ணியாச்சு, வியாழக்கிழமை வரச் சொன்னார்.

ஆழியாறு தம்பி சொன்னதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. ஓரகத்தியிடம் இன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டேன். “இதை என்கிட்ட மறைப்பீங்களாக்கா” என்று கோபப்பட்டாள், அப்புறம் பந்திப் பொறுப்பைத் தன் அண்ணனிடம் பேசிப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஒரு சந்தேகம். கால்சியம், இரும்பு, மல்டிவைட்டமின் மூன்றையும் காலை டீயோடு சேர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சரிதானா?

—

கொடைரோடு எழுதியது:

பிரித்துப் போடுங்கள் அக்கா. இரும்பும் கால்சியமும் ஒன்றாகப் போனால் இரும்பு சரியாகச் சேராது, இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். டீ, காபி, பாலும் இரும்பைத் தடுக்கும். நான் இரும்பைப் பதினொரு மணிக்கு எலுமிச்சைத் தண்ணீரோடு போடுவேன், கால்சியத்தை மத்தியானமும் ராத்திரியும் பிரித்துப் போடுவேன். அட்டையில் கால்சியம் சிட்ரேட் என்று இருக்கிறதா பாருங்கள், நமக்கு அமிலம் குறைவு என்பதால் கார்பனேட்டைவிட அது நன்றாகச் சேரும். வியாழக்கிழமை போகும்போது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டரே நேரம் எழுதிக் கொடுப்பார்.