13 வயதுப் பெண்ணுக்கு டயர் கட்டி ஓட்டப் பயிற்சி: இது பலன் தருமா?

கோத்தகிரி அம்மா:
மகள் எட்டாம் வகுப்பு. குறுவட்டப் போட்டியில் 600 மீட்டரில் முதலாவதாக வந்ததும் ஒரு தனியார் கோச்சிடம் சேர்த்தோம். விடியற்காலை ஐந்தரைக்கு இடுப்பில் டயரைக் கட்டிக்கொண்டு எஸ்டேட் மேட்டில் ஏறி ஓட வேண்டும், இறங்குவதும் ஓட்டம்தான். உறைபனி விழும் நாளிலும் வெறுங்கால். நடுவில் தண்ணீர் கிடையாது, வயிறு கனக்குமாம். சாயங்காலம் மறுபடி ஓட்டம், லேட்டாகப் போனால் வாத்து நடை. ஞாயிறும் லீவு இல்லை. இப்போது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது என்கிறாள். "வலி வந்தால்தான் கால் இறுகும்" என்கிறார் கோச். அவரிடம் படித்த சிலர் மாநிலப் போட்டி வரை போயிருக்கிறார்கள், அதனால் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. வீட்டுக்காரரும் கோச் பக்கம்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெலிங்டன்காரன்:
அக்கா, ராணுவத்தில் எங்களை இதைவிட வாட்டி எடுத்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் நடக்கிறேன். கோச்சை மாற்றாதீர்கள். தண்ணீர் தராதது மட்டும் எனக்கும் சரியாகப் படவில்லை.

பழைய பி.டி. மாஸ்டர், குன்னூர்:
முதலில் காலைப் பாருங்கள் அம்மா, கோச்சை அப்புறம் பார்க்கலாம். அந்த எலும்பின் மேல் ஒரே விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நீளமாகக் கோடு போட்டாற்போல் வலித்தால் பெரும்பாலும் ஓய்வில் ஆறிவிடும். ஒரே இடத்தில் தொட்டதும் துள்ளினாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். முட்டிக்குச் சற்றுக் கீழே புடைத்துக்கொண்டு வலித்தால் அது வேறு. உயரம் கிடுகிடுவென ஏறும் வயதில், தொடைத் தசை வந்து பிடிக்கும் அந்த இடம் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். வாத்து நடையில் அதைத்தான் போட்டு இழுக்கிறார்கள்.

வெலிங்டன் தம்பி, நீங்கள் பட்டாளத்தில் சேர்ந்தது எலும்பு ஏறக்குறைய வளர்ந்து முடிந்த வயதில். இந்தப் பிள்ளைக்கு அதற்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

டயர் இழுப்பது ஊர் உலகத்தில் இல்லாத பயிற்சி அல்ல. வளர்ந்த ஸ்பிரின்டர்கள் சமதரையில், எடையைப் பார்த்து, கொஞ்ச தூரம் இழுப்பார்கள். நம்ம எஸ்டேட் மேட்டுக்கு டயர் எதற்கு? மேடே போதும். எனக்குப் பயம் இறங்கும் ஓட்டத்தில்தான். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது ஒவ்வொரு அடியும் முட்டியிலும் முன்னெலும்பிலும் இடிக்கும். என் பிள்ளைகள் நடந்துதான் இறங்குவார்கள். (தேயிலை மூட்டையோடு எதிரே வரும் அக்காமாரிடம் ஏச்சு வாங்காமலும் தப்பிக்கலாம்.) உறைபனியில் வெறுங்கால் என்பது வெறும் பகட்டு. மரத்துப்போன பாதத்துக்குக் கல் குத்துவதுகூடத் தெரியாது.

மாநிலப் போட்டிக்குப் போனவர்களைக் காட்டுகிறார் அல்லவா, அவரிடம் சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், அதில் பதினேழு வயதில் இன்னும் ஓடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 2006-ல் ஒடிசாவில் நாலு வயதுப் பையன் புத்தியா சிங்கை பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கிலோமீட்டர் ஓடவிட்டார்கள். 7 மணி 2 நிமிடம். நாடே கைதட்டியது, அரசு தடை போட்டது. வளர்ந்த பிறகு எந்த ஒலிம்பிக்கிலும் அவன் பெயரை நாம் பார்க்கவில்லை.

சீனாவில் மா ஜுன்ரென் என்று ஒரு கோச். பெண்களை மலைநாட்டில் வைத்து தினம் ஒரு மாரத்தான் அளவுக்கு ஓட்டினார், ஆமை ரத்தம் கொடுத்தேன் என்றார். 1993-ல் வாங் ஜுன்சியா 10,000 மீட்டரை 29 நிமிடம் 31.78 நொடியில் ஓட, உலகமே வாய் பிளந்தது. மறு வருடமே பெண்கள் அவரை விட்டுப் போய்விட்டார்கள். கட்டாயப்படுத்தி ஊக்கமருந்து கொடுத்தார் என்று அவர்கள் எழுதியதாக ஒரு கடிதம் 2016-ல் வெளியே வந்தது. அப்படியிருக்க, அந்த ஓட்டத்துக்குக் கடுமையான பயிற்சிதான் காரணம் என்று யார் நம்புவது?

நம்ம ஊரில் இன்னொன்றும் உண்டு. உயரத்தில் காற்று மெலிசு, நீண்ட ஓட்டத்தில் நேரம் கூடும். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே உயரம், 2,240 மீட்டர். அங்கே 10,000 மீட்டரில் தங்கம் வாங்கியவருக்கே 29 நிமிடம் 27 நொடி ஆனது. அப்போதைய உலக சாதனை 27 நிமிடம் 39 நொடி. கோத்தகிரி அவ்வளவு உயரமில்லை, இருந்தாலும் நீண்ட ஓட்டத்தில் சமவெளி நேரத்தைக் காட்டிப் பிள்ளையைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. மலையில் பிறந்து வளர்ந்த ரத்தம் அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. வேகப் பயிற்சி வேண்டுமென்றால் எப்போதாவது மேட்டுப்பாளையம் இறங்கி, வெயிலுக்கு முன்னால் ஓடவிட்டுக் கூட்டி வரலாம்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றால், வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இவளுக்கு 13. ஒரு நாளாவது முழு ஓய்வு. மீதி நேரம் த்ரோபாலோ கபடியோ ஆடட்டும்.

லேப் அக்கா, ஊட்டி:
மாஸ்டர் சொன்னதோடு ஒன்று. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினுடன் ஃபெரிட்டினும் (உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்தின் அளவைக் காட்டுவது) பாருங்கள். மலையில் உடம்பு ரத்த அணு அதிகம் செய்யும், அதற்கு இரும்புச்சத்து வேண்டும். ஓடுகிற பெண் பிள்ளைகள் பலருக்கு ஹீமோகுளோபின் சரியாகவே இருக்கும், ஃபெரிட்டின் தரையில் கிடக்கும். வயதுக்கு வந்திருந்தால் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றும் கேளுங்கள். நின்றுபோயிருந்தால் ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு போதவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம், எலும்பும் அதனால்தான் பலமிழக்கும். சாப்பிட்ட உடனே டீ கொடுக்காதீர்கள், இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேயிலை ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், தெரியும்!

கோத்தகிரி அம்மா:
அழுத்திப் பார்த்தேன் சார். ஒரே இடம்தான், கையைத் தட்டிவிட்டாள். வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று பார்த்தார், அதற்கப்புறம் எதுவும் பேசவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம்.

பழைய பி.டி. மாஸ்டர், குன்னூர்:
நல்லது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதும் மறுநாளே ஷூவை மாட்டிவிடாதீர்கள். இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. தொட்டால் வலிக்கிறது என்பதை டாக்டரிடம் சொல்லி, எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். கோச் போன் செய்தால் டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.