பெற்றோல் ஊற்றி மாளவில்லை, அவசர உதவி

நிலாவெளியான்: லீற்றருக்கு 16 ஓடிய கார் இப்போது 11தான் ஓடுகிறது. சேர்விஸ் எல்லாம் நேரத்துக்குச் செய்கிறேன். என்ன காரணம்? சீக்கிரம் சொல்லுங்கள், மாதக் கடைசி.

உப்புவெளி 78: என்ன கார், தம்பி? ஓட்டோவா, மனுவலா? 11 என்பது எப்படி எடுத்த கணக்கு?

கந்தளாய்க்காரன்: ஒக்டேன் 92 பெற்றோலை விட்டு 95 அடியுங்கள். நான் மாறிய பிறகு கார் பறக்கிறது.

பழைய ஸ்பனர்: 92 போதுமான என்ஜினுக்கு 95 ஊற்றினால் பறப்பது காசுதான். ஒக்டேன் என்பது பெற்றோல் நேரத்துக்கு முன் தானாக வெடித்து என்ஜின் தட்டாமல் தாங்கும் அளவு, பலம் அல்ல. எத்தனையாவது தடவை எழுதுகிறேனோ. தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி ஓடுங்கள். அடுத்த தடவையும் அதே பம்பில் அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீற்றரை ஊற்றிய லீற்றரால் வகுத்துப் பாருங்கள். பெற்றோல் முள்ளைப் பார்த்துச் சொல்வது கணக்கே இல்லை.

நிலாவெளியான்: டொயோட்டா விட்ஸ், 1000 சிசி, ஓட்டோ. அப்படித்தான் எடுத்தேன் அண்ணை. தினமும் டவுனுக்கு வேலைக்குப் போய்வருகிறேன்.

கிண்ணியா நானா: ஓட்டம் எப்படி? நான் மூதூர் போனால் 60இல் கால் அசையாமல் பிடிப்பேன். தூரத்தில் மாடு படுத்திருப்பதைக் கண்டதும் காலை எடுத்துவிடுவேன். கோணேசர் கோயில் இறக்கத்தில் நியூட்ரல்தான், ஒரு சொட்டும் போகாது.

பழைய ஸ்பனர்: தலைகீழ், நானா. கணினி அளந்து பெற்றோல் பீச்சும் இன்ஜெக்‌ஷன் காரில் கியரில் வைத்துக் காலை எடுத்தால்தான் பெற்றோல் நிற்கும், சில்லே என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் அது அணையாமலிருக்கக் குடித்துக்கொண்டே இருக்கும்.

கிண்ணியா நானா: என் பழைய நிசான் சன்னியில் கண்ணால் கண்டது.

பழைய ஸ்பனர்: அது கார்பரேட்டர் கார், கணினி இல்லாத பழைய முறை.

கந்தளாய்க்காரன்: அந்தக் கோயில் இருக்கும் கோட்டைக்குள் மான் குறுக்கே வந்தால் நியூட்ரலில் என்ன செய்வீர்கள்?

கிண்ணியா நானா: 20 வருடமாக இறங்குகிறேன், ஒரு மானும் முறைப்பாடு சொல்லவில்லை.

உப்புவெளி 78: மானை விடுங்கள். தம்பி, காரில் ஏதாவது மாற்றினீர்களா?

நிலாவெளியான்: ஒன்றுமில்லை. 15 அங்குல அலோய் சில்லு மட்டும், 195/60 டயர். அதற்கும் பெற்றோலுக்கும் என்ன?

பழைய ஸ்பனர்: "மட்டும்"! பழைய டயர் 165/70, 14 அங்குலம் என்றால் புதியது ஏறத்தாழ 5 வீதம் பெரிது. 100 கிலோமீற்றர் ஓடினாலும் மீற்றர் 95தான் காட்டும். அகல டயருக்கு இழுவையும் கூட. ஆனாலும் 11க்கு இறங்க இது போதாது. கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக் கிடக்கிறது. உப்புக்காற்றில் பிரேக்கை அழுத்தும் கலிப்பர் இறுகுவது இங்கே புதினமில்லை.

நிலாவெளியான் (ஒன்பது நாள் கழித்து): முன் இடது சில்லு. கழற்றித் துப்புரவாக்கி கிரீஸ் போட்டார்கள். இப்போது 14. அலோயைக் கழற்ற மனமில்லை. நன்றி.

கந்தளாய்க்காரன்: இனி 95 அடித்துப் பாருங்கள்.