பாரவூர்தியில் மைக் பிடித்துப் பேசலாம், கைத்தொலைபேசியை மட்டும் தொடக்கூடாதா?

கல்லும் மண்ணும்:
அனைவருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் கட்டுமானப் பொருட்கள் ஏற்றும் பாரவூர்தி ஓட்டுகிறேன். வண்டிக்குள் இருவழி ரேடியோ ஒன்றும், சுருள் வயரில் தொங்கும் மைக் ஒன்றும் இருக்கின்றன. எந்த வாசலால் நுழைய வேண்டும், இறக்கும் இடத்தில் எனக்கு முன்னால் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்பதெல்லாம் அதில்தான் வரும். ஒரு கையில் மைக், மறு கையில் ஸ்டியரிங் என்று நாள் முழுவதும் ஓட்டியும் இதுவரை எந்தப் பொலிஸ்காரரும் என்னை மறித்ததில்லை. ஆனால் என் மச்சான் சிவப்பு விளக்கில் நின்றபடி மடியில் கிடந்த தொலைபேசியைக் கையில் எடுத்ததற்கு 615 டொலர் தண்டமும், சாரதிப் பதிவில் மூன்று டிமெரிட் (குற்றப்) புள்ளிகளும், மூன்று நாள் அனுமதிப்பத்திர இடைநிறுத்தமும் பெற்றார். இரண்டும் கையை அடைக்கிற பொருட்கள்தானே? மைக்கால் கவனம் சிதறாது என்பதற்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறதா, அல்லது இது பாரவூர்தி நிறுவனங்களுக்குக் கொடுத்த சலுகை மட்டும்தானா?

ஓய்வுபெற்ற டிஸ்பாச்சர்:
தம்பி, சலுகையாகத்தான் அது தொடங்கியது. கையில் பிடிக்கும் தொலைபேசிக்கான தடை இங்கே 2009 ஒக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது, தொழிலுக்காக இருவழி ரேடியோ பயன்படுத்துவோருக்கும் உரிமம் பெற்று பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரருக்கும் 2013 வரை விலக்குக் கொடுத்தார்கள். கையில் பிடிக்கத் தேவையில்லாத கருவிகள் அதற்குள் வந்துவிடும் என்பது எண்ணம். வரவில்லை, ஆகவே 2018 வரை நீட்டினார்கள், அதற்குப் பிறகும் நீட்டினார்கள். ரேடியோ பாதுகாப்பானது என்று எவரும் நிறுவியதால் கிடைத்த விலக்கு அல்ல அது. அதை நிறுத்தினால் வேலை நின்றுவிடும் என்பதால் கிடைத்தது.

மச்சானுடைய விடயத்தில் வாதாட அதிகம் இடமில்லை. பிரேக் போட்டபோது இருக்கையிலிருந்து விழுந்த தொலைபேசியைச் சிவப்பு விளக்கில் குனிந்து எடுத்த ஒரு சாரதியின் வழக்கு, 2013 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. எவ்வளவு குறுகிய நேரமாக இருந்தாலும் கையில் பிடித்திருந்தாலே குற்றம் என்றுதான் தீர்ப்பு வந்தது. எனக்கு அது சற்றுக் கடுமையாகவே படுகிறது.

இரவு வாசகன்:
சட்டத்தை விட்டு ஆய்வுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் கேள்வியின் மையம் "கையை அடைக்கிற பொருள்" என்ற சொல்லில் இருக்கிறது, அங்கேதான் பிழையும் இருக்கிறது. ரொறன்ரோவிலேயே, சேதம் ஏற்பட்ட மோதலில் சிக்கிய 699 சாரதிகளின் தொலைபேசி அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997 இல் வெளிவந்த ஆய்வு, பேசும் நேரத்தில் மோதலுக்கான வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு உயர்வதாகக் கண்டது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு எதுவும் கூடியதாக அந்தத் தரவுகளில் தெரியவில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் வண்டி ஓட்டுவதைப் போலவே அமைத்த சிமுலேட்டரில் நடந்த சோதனைகளில், தொலைபேசியில் உரையாடியவர்கள் வீதியோர விளம்பரப் பலகையை நேராகப் பார்த்திருந்தும் பின்னர் அதை நினைவுகூர முடியாமல் தவித்தார்கள். கண் போன இடத்துக்கு மனம் போகவில்லை.

அப்படியானால் மைக்கும் பேச்சுத்தானே என்று கேட்பீர்கள். பேச்சுத்தான், ஆனால் அதன் அமைப்பு வேறு. இருவழி ரேடியோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பொத்தானை அழுத்தி, "மூன்றாம் வாசல், பத்து நிமிடம்" என்று சொல்லிவிட்டு விட வேண்டும். சந்தியைக் கடக்கும்வரை நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தால் எவரும் கோபிக்க மாட்டார்கள், வீதியில் ஏதோ நடக்கிறது என்று எதிரே இருப்பவருக்கே தெரியும். தொலைபேசியில் மனைவி "கேட்குதா?" என்று கேட்ட மறுகணமே பதில் போக வேண்டும், மௌனம் அங்கே ஒரு குற்றம். காசு, பிள்ளையின் பரீட்சை, ஊரிலிருந்து வந்த செய்தி எல்லாம் அந்த வழியாகத்தான் வருகின்றன, அழைப்பை வைத்த பிறகும் மனதை விட்டுப் போவதில்லை.

வர்ஜீனியாவில் பாரவூர்திகளுக்குள் கமெரா வைத்து நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில், குறுஞ்செய்தி தட்டியபோது ஆபத்து 23 மடங்கு, எண் அழுத்தியபோது ஏறக்குறைய 6 மடங்கு. பாரவூர்திக்காரர் பயன்படுத்தும் இருவழி ரேடியோவான சிபி ரேடியோவில் பேசியபோதோ 0.6 மடங்கு, அதாவது சும்மா ஓட்டுவதைவிடக் குறைவு.

கிழக்குக் கரை:
வாசகன் அண்ணா, அந்த 0.6 ஐ எடுத்துக்காட்டும்போது அதே பட்டியலில் இருக்கும் இன்னொரு எண்ணையும் சொல்லியிருக்க வேண்டும். கையில் பிடிக்காமல் தொலைபேசியில் பேசியதற்கு அங்கே 0.4 தான், கையில் பிடித்துப் பேசியதற்குக்கூட 1.0, அதாவது கூடவும் இல்லை குறையவும் இல்லை. நீங்கள் சொன்ன ரொறன்ரோ ஆய்வோடு இது பொருந்தவில்லை. நீண்ட தூரம் தனியாக ஓட்டுகிற பாரவூர்திச் சாரதிக்குத் தூக்கம்தான் பெரிய பகை, பேச்சு அவரை விழிப்பாக வைத்திருக்கிறது என்பது எனக்கு நம்பத்தக்க விளக்கமாகத் தெரிகிறது. நகரச் சந்திகளில் ஓட்டுபவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அந்த ஆய்வில் உறுதியாகத் தெரிவது கண்ணைப் பற்றியது: செய்தி தட்டியவர்கள் ஆறு வினாடிகளில் 4.6 வினாடிகள் வீதியைப் பார்க்கவில்லை. மணிக்கு 90 கிலோமீற்றரில் அது 115 மீற்றர் தூரம்.

கல்லும் மண்ணும்:
இருவருக்கும் நன்றி. இன்னொரு சிக்கலும் உண்டு. ரேடியோவைக் கழற்றிவிட்டு, பொத்தானை அழுத்திப் பேசும் செயலி போட்ட தொலைபேசி ஒன்றைத் தரப்போவதாக நிறுவனம் சொல்கிறது. பேச்சு அதே பேச்சுத்தான். சில வாரங்களில் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோவுக்கும் போகிறேன்.

ஓய்வுபெற்ற டிஸ்பாச்சர்:
எல்லை தாண்டினால் கவனம், தம்பி. வர்த்தக வாகனச் சாரதிகள் தொலைபேசியைக் கையில் பிடிப்பதைத் தடுக்கும் அமெரிக்க மத்திய விதி 2012 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. சிபி ரேடியோவுக்கு அங்கே தடையில்லை, ஆனால் தொலைபேசியைப் பிடித்துப் பொத்தான் அழுத்திப் பேசினால் அது தொலைபேசியாகத்தான் கணிக்கப்படும். சாரதிக்கு 2,750 டொலர் வரையும் நிறுவனத்துக்கு 11,000 டொலர் வரையும் தண்டம் என்று அறிவித்துத்தான் விதியைக் கொண்டுவந்தார்கள். பழைய ரேடியோவைக் கழற்ற வேண்டாம் என்று நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.